சிபியு ஃபேன் எரர்: அந்த எஃப்1 தொல்லையை நீங்கள் எப்படித் தாண்டினீர்கள்?

மூலைப்பெட்டி:

கோப்புகளைச் சேமித்து வைக்க ஒரு பழைய கணினியை எந்நேரமும் ஓடவிட்டிருக்கிறேன். மானிட்டரும் கீபோர்டும் கிடையாது. நெட்வொர்க் கேபிளும் மின்சாரமும் மட்டும். ப்ராசசர் (சிபியு) மேல் இருப்பது ஃபேன் இல்லாத பெரிய ஹீட்சிங்க், அதாவது சூட்டை வாங்கிக் காற்றில் விடும் உலோகக் கட்டி. அதற்கு நேர் எதிரே கேஸ் ஃபேன் காற்று ஊதுகிறது. சூடு எப்போதும் கட்டுக்குள்தான். ஆனால் கணினி எழும்போது மதர்போர்டு ஒரு ஃபேன் சோதனை செய்கிறது; அதில் சூட்டைப் பார்ப்பதே இல்லை. ‘சிபியு ஃபேன்’ என்று அச்சிட்ட ஹெடரில் (ஃபேன் வயரைச் செருகும் பின் வரிசை) ஏதாவது சுற்றுகிறதா, அவ்வளவுதான் அதன் கேள்வி. ஹெடர் காலியாக இருந்தால் “சிபியு ஃபேன் எரர், எஃப்1 அழுத்தவும்” என்று சொல்லிவிட்டு நின்றுவிடும். அழுத்தக் கீபோர்டுக்கு எங்கே போவது?

பயாஸில் (விண்டோஸுக்கு முன்பே வரும் மதர்போர்டின் அமைப்புத் திரை) இதற்கு இரண்டு இடம் பார்த்தேன். வெப்பநிலையும் ஃபேன் வேகமும் காட்டும் பக்கத்தில் சிபியு ஃபேன் வரியை ‘இக்னோர்’ என்று மாற்றலாம். பூட் பக்கத்தில் ‘பிழை வந்தால் எஃப்1-க்குக் காத்திரு’ என்பதை அணைக்கலாம். இரண்டாவது எனக்குப் பிடிக்கவில்லை. அது ஃபேனோடு சேர்த்து மற்ற எச்சரிக்கைகளிலும் நிற்காமல் போய்விடும். அதனால் இக்னோர் வைத்தேன். கொஞ்ச காலம் நன்றாகத்தான் ஓடியது. அப்புறம் ஒருமுறை மின்சாரம் போய் வந்ததும் பழையபடி அதே இடத்தில் நிற்கிறது! போர்டில் உள்ள சிஆர்2032 பேட்டரி தீர்ந்து, பயாஸ் அமைப்புகள் எல்லாம் முதல் நிலைக்குத் திரும்பியிருந்தன.

பேட்டரியை மாற்றியதோடு, கேஸ் ஃபேனின் வயரைப் பிடுங்கி சிபியு ஃபேன் ஹெடரிலேயே செருகிவிட்டேன். இப்போது எந்த அமைப்பையும் நம்பியிருக்க வேண்டியதில்லை. அந்த ஃபேன் நின்றாலும் போர்டு சொல்லும். உங்கள் கதைகளையும் எழுதுங்கள்.

சத்தம்வேண்டாம்:

எனக்கு நேர்மாறான பிரச்சினை. ஃபேன் இருக்கிறது, சுற்றுகிறது, கண்ணால் பார்க்கிறேன். போர்டு மட்டும் இல்லை என்கிறது. அமைதிக்காக வாங்கிய பெரிய டவர் கூலர், மெதுவாகச் சுற்றும் ரகம். கணினி குளிர்ந்து கிடந்து எழும்போது நிமிடத்துக்கு 450, 500 சுற்றுதான். என் போர்டின் குறைந்தபட்ச எல்லை 600. அதற்குக் கீழே எது இருந்தாலும் அதன் கணக்கில் நின்றுபோன ஃபேன்தான். ரீஸ்டார்ட் செய்தால் பிழை வராது, காலையில் முதல் முறை போட்டால் வரும் என்று யாராவது புலம்பினால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான்.

எல்லோரும் இக்னோர் போடச் சொன்னார்கள். நான் போடவில்லை. அதே பக்கத்தில் ‘ஃபேன் வேகக் கீழ் எல்லை’ என்று ஒரு வரி இருந்தது. அதை 200-க்கு இறக்கினேன். சோதனையும் இருக்கிறது, தொல்லையும் இல்லை. சத்தம் குறைக்கக் கூலரோடு தரும் ரெசிஸ்டர் வயரை இடையில் செருகியிருந்தால் அதையும் ஒருமுறை கழற்றிப் பாருங்கள். வேகத்தை எல்லைக்குக் கீழே தள்ளுவது பல நேரம் அதுதான்.

இரட்டைவால்:

ஒரு சின்ன விஷயம். ஒரு ஹெடரில் இரண்டு ஃபேன் மாட்ட விற்கும் ஒய் கேபிளில், ஒரு கிளையில் வேகம் சொல்லும் பின் வேண்டுமென்றே விடப்பட்டிருக்கும். இரண்டு ஃபேனும் ஒரே கம்பியில் பேசினால் போர்டு குழம்பிவிடும் என்பதால். அந்தக் கிளையில் மட்டும் ஃபேனை மாட்டினால் அது ஜோராகச் சுற்றும், போர்டுக்குப் பூஜ்ஜியம்தான் தெரியும். கிளையை மாற்றிச் செருகினேன், முடிந்தது. பயாஸ் பக்கமே போகவில்லை.

சால்டரிங்புகை:

என்னிடம் இருந்தது ஒரு நிறுவனம் முழுதாகக் கட்டி விற்ற மேசைக் கணினி. அதன் பயாஸில் இக்னோரும் கிடையாது, கீழ் எல்லையும் கிடையாது. ஃபேனை மாற்றினால் ஒவ்வொரு முறையும் நிறுத்தி வைத்துக் கேள்வி கேட்கும். அதனால் கம்பி வழியாகத்தான் போக வேண்டியிருந்தது.

ஃபேன் உள்ளே ஒரு சின்ன சுவிட்ச் போல ஒரு சுற்றுக்கு இரண்டு முறை சென்ஸ் கம்பியை (வேகம் சொல்லும் கம்பி) தரையோடு, அதாவது மின்சுற்றின் பூஜ்ஜிய வோல்ட் பக்கத்தோடு, இணைத்து விடுவிக்கிறது. போர்டு அந்தத் துடிப்புகளை எண்ணுகிறது. நிமிடத்துக்கு 1200 சுற்று என்றால் நொடிக்கு 20 சுற்று, 40 துடிப்பு. ஆக 40 ஹெர்ட்ஸில் அந்தக் கம்பியைத் தரைக்கு இழுத்து விட்டால் போதும், 1200-ல் ஒரு ஃபேன் ஓடுவதாகப் போர்டு நம்பும். துடிப்பு உண்டாக்கும் 555 டைமர் சிப் ஒன்று, அதன் பின்னால் சுவிட்சாக ஒரு டிரான்சிஸ்டர். டிரான்சிஸ்டரின் எமிட்டர் கால் தரைக்கு, கலெக்டர் சென்ஸ் பின்னுக்கு. அந்தப் பின்னுக்குள் நீங்கள் வோல்ட்டை ஏற்றவே கூடாது, கீழே இழுக்க மட்டும்தான் வேண்டும்.

நிறத்தை நம்பி வயரை வெட்டாதீர்கள். வழக்கமான மூன்று வயர் ஃபேனில் மஞ்சள்தான் சென்ஸ். நான்கு வயர் ஃபேனிலோ மஞ்சளில் 12 வோல்ட் ஓடும், சென்ஸ் பச்சை. வரிசையை எண்ணுங்கள்: முதல் பின் தரை, இரண்டாவது 12 வோல்ட், மூன்றாவது சென்ஸ், நான்காவது இருந்தால் அது வேகக் கட்டுப்பாடு. இதுகூடச் சாதாரண ஹெடருக்குத்தான். ஐந்து பின் வைத்த, நிறுவனங்களின் சொந்த ரகங்களில் மீட்டர் வைத்து அளக்காமல் கை வைக்காதீர்கள்.

“சென்ஸைத் தரையோடு முறுக்கிவிடு, போதும்” என்றும் சிலர் சொல்வார்கள். சில ஃபேன்களின் மூன்றாவது வயர் துடிப்பே தராது; சுற்றினால் ஒரு நிலை, நின்றால் இன்னொரு நிலை, அவ்வளவுதான். அப்படிப்பட்ட ஃபேனை எதிர்பார்க்கும் போர்டில் இந்தத் தந்திரம் பலிக்கலாம். துடிப்பை எண்ணும் போர்டில் பலிக்காது.

டைமர் வேலை செய்தது, ஆனாலும் வைத்திருக்கவில்லை. பெட்டிக்குள் ஏற்கெனவே சுற்றிக்கொண்டிருந்த இன்னொரு ஃபேனின் சென்ஸ் கம்பியை மட்டும் எடுத்து அந்த ஹெடருக்குக் கொடுத்தேன். பொய் சொல்லும் சர்க்யூட்டைவிட எங்கோ உண்மையில் சுற்றும் ஒன்று மேல் என்று பட்டது.

பழையமதர்போர்டு:

இந்தச் சோதனை எதற்கு என்று சலிப்பவர்களுக்கு: ஏஎம்டியின் பழைய ஏத்லான் ப்ராசசர்களுக்குச் சூடேறினால் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளத் தெரியாது. 2001-ல் ஓடும்போதே ஹீட்சிங்கைக் கழற்றிப் பார்த்த சோதனை வீடியோ ஒன்று பரவியது. ஏத்லான் கருகிப் புகைந்தது, இன்டெலின் பென்டியம் 4 வேகத்தைக் குறைத்துத் தப்பியது. இன்றைய ப்ராசசர்கள் எல்லாமே தப்பிக்கும் ரகம். ஃபேன் நின்றால் கருகாது, ஆமையாகும். அதற்கும் மேலே சூடேறினால் தானே அணைந்துவிடும். அதனால் இக்னோர் போடுவதற்கு அவ்வளவு பயப்படத் தேவையில்லை என்பது என் கட்சி.

நீர்க்குளிர்:

அந்தக் கட்சியில் நான் சேர மாட்டேன். அலுவலகத்தில் நீர்க்குளிரூட்டி போட்ட ஒரு கணினி என் பொறுப்புக்கு வந்தது. கட்டியவர் பம்பை நேராகப் பவர் சப்ளையில் மாட்டிவிட்டு, ரேடியேட்டர் ஃபேன்களை வேறு ஹெடருக்குக் கொடுத்து, சிபியு ஃபேனை இக்னோர் செய்திருந்தார். எரர் வரவில்லை, எல்லோருக்கும் சந்தோஷம். ஒருநாள் பம்ப் நின்றது. ரேடியேட்டர் ஃபேன்கள் அழகாகச் சுற்றின, போர்டு வாயே திறக்கவில்லை. வந்த புகார் “கணினி மெதுவாக இருக்கிறது” என்பதுதான். விண்டோஸை மறுபடி நிறுவினார்கள், ரேம் கூட்டினார்கள். வெப்பநிலையைப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை. நான் பார்த்தபோது ப்ராசசர் 100 டிகிரியில் முட்டிக்கொண்டு, வேகத்தைக் குறைத்துக் குறைத்து உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தது. அதைத்தான் ‘தப்பித்தல்’ என்கிறீர்கள்.

பல பம்புகளில் மூன்று பின் பிளக்கில் ஒரே ஒரு வயர் வரும். வேகம் சொல்ல மட்டும். புதுக் குளிரூட்டி போட்டபோது அதைச் சிபியு ஃபேன் ஹெடரில் செருகி, இக்னோரை எடுத்துவிட்டேன். மின்சாரமும் ஹெடரிலிருந்தே எடுக்கும் பம்ப் என்றால் இன்னொரு வேலை இருக்கிறது: அந்த ஹெடரைப் பயாஸில் முழு வேகத்துக்கு மாற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் சூடு குறைவாக இருக்கும்போது ஃபேனுக்குச் செய்வதுபோல் போர்டு பம்பையும் மெதுவாக்கப் பார்க்கும்.