நிரல் எழுதும் கணினி மொழியான பைத்தனை நிறுவியபோது உங்களுக்கு நேர்ந்தது என்ன?

ஹட்டனிலிருந்து:
தோட்டத்து மழைமானி ஏட்டில் உள்ள நாளாந்த மழையளவை வரைபடமாக்க விரும்பிய என் தங்கையின் மடிக்கணினியில், எண்களைக் கையாளும் ஆயத்த நிரல் தொகுப்பான (நூலகமான) நம்பையை நிறுவும்படி, நூலகங்களை நிறுவித்தரும் பிப் என்ற கருவிக்குக் கட்டளையிட்டோம். ஏற்கனவே இருக்கிறது என்றது. உடனே நிரலை ஓட்டினால், நம்பை என்று எதுவுமே இல்லை என்றது பைத்தன். அக்கணினியில் இரண்டு பைத்தன்கள் இருந்தன. பிப் ஒன்றுக்கு உரியது, நிரல் ஓடியதோ மற்றொன்றில். “பைத்தன் -எம் பிப் இன்ஸ்டால் நம்பை” என்று எழுதியிருந்தால், எந்தப் பைத்தன் ஓடுகிறதோ அதற்குள்ளேயே அது போய்ச் சேர்ந்திருக்கும். அதை நான் விளக்குவதற்குள், “அக்கா, எனக்குக் கணக்கு மூளை இல்லை போல” என்று சொல்லிவிட்டு அவள் எழுந்து போனாள். ஒரு கணக்கும் அதுவரை போடப்படவில்லையே என்பதுதான் இன்னும் என் மனத்தை உறுத்துகிறது.

பண்டாரவளையிலிருந்து:
இதற்காகத்தான் தொடக்கநிலையினருக்கு, பைத்தனையும் பல நூலகங்களையும் ஒரே தொகுப்பாகத் தரும் அனகொண்டாவைப் பரிந்துரைக்கிறேன். நம்பை, பாண்டாஸ், மேட்பிளாட்லிப், ஜூபிட்டர் ஆகிய கருவிகள் எல்லாம் ஒன்றாக வந்துவிடும். என் மாணவர் ஒருவர் நிறுவிய அன்றே வரைபடம் வரைந்தார்.

மஸ்கெலியாவிலிருந்து:
பண்டாரவளை நண்பரின் கருத்தை என்னால் ஏற்க இயலவில்லை. அனகொண்டாவுக்கு 5 ஜிபி வட்டு இடம் வேண்டும். அதன் சிறிய வடிவமான மினிகொண்டாவுக்கு 400 எம்பி போதும். எங்கள் தோட்டத்து லயக் குடியிருப்பில் ஒரு தம்பி கைபேசி டேட்டாவில் அனகொண்டாவைத் தரவிறக்கிக்கொண்டிருக்க, மழை பிடித்ததும் இணைப்பு அறுந்து, அந்த மாதத்து டேட்டாவும் தீர்ந்துபோனது. அவன் வாய் திறக்காமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அதற்குப் பதிலாக, இணைப்பு நன்றாக உள்ள இடத்தில், அதே இயங்குதளமும் அதே பைத்தன் பதிப்பும் கொண்ட கணினியில், “பிப் டவுன்லோட்” கட்டளையால் வேண்டிய நூலகப் பொதிகளைப் பென் டிரைவில் இறக்கிக்கொள்ளுங்கள். அவை சார்ந்திருக்கும் பிற பொதிகளும் கூடவே வரும். வீட்டில் “வென்வ்” கருவி மூலம் அந்த வேலைக்கென்று தனிச் சூழல் ஒன்றை உருவாக்கி, அதை இயக்கிவிட்டு, பிப் இணையத்தைத் தேடாதபடி “நோ-இண்டெக்ஸ்” என்றும், பொதிகள் உள்ள கோப்புறையை “ஃபைண்ட்-லிங்க்ஸ்” என்றும் குறிப்பிட்டு நிறுவுங்கள். சூழல் பழுதானால் அதன் கோப்புறையை அழித்துவிட்டுப் புதிதாக உருவாக்கலாம். கணினியின் பைத்தனுக்கு ஒன்றும் ஆகாது. நிரல்களை மட்டும் சூழலின் கோப்புறைக்கு வெளியே வைத்திருங்கள்.

பதுளையிலிருந்து:
எல்லாம் சரியாக நிறுவிய பிறகும் ஒரு மாணவியின் நிரல் ஓடவில்லை. தன் முதல் நிரலுக்கு அவள் நம்பை என்றே பெயரிட்டுச் சேமித்திருந்தாள். பைத்தன் முதலில் நிரல் இருக்கும் கோப்புறையில்தான் தேடும்; ஆகவே நூலகத்துக்குப் பதிலாக அவளுடைய கோப்பையே எடுத்துக்கொண்டது. பெயரை மாற்றியதும் ஓடியது. தங்கையை மறுபடி உட்கார வையுங்கள், ஹட்டன் சகோதரி; ஏட்டில் ஒரு மாதத்து மழையளவு போதும்.