அப்டேட்: மாமா போட்டுக்கு வாங்குன சேஃப்டி சாமான்

மாமா செகண்ட் ஹேண்ட்ல சின்ன போட் வாங்கிருக்காரு, சிங்கப்பூர்ல உபின், லாசரஸ் தீவு பக்கம் பிள்ளைங்களோட போக என்னென்ன வாங்கணும்னு கேட்டிருந்தேன்ல, பதில் போட்டவங்களுக்கு தேங்க்ஸ் லா.

பழைய ஓனர் விட்டுட்டுப் போன லைஃப் ஜாக்கெட் எல்லாம் 50 நியூட்டன் (தண்ணில நம்மள தூக்கிப் பிடிக்கிற பலம்), அது நீச்சல் தெரிஞ்சவங்க கரைகிட்ட போட்டுக்கறது, மயங்கிட்டா முகத்த மேல திருப்பி விடாது, அதனால பெரியவங்களுக்கு 150 நியூட்டன் காத்தடைக்கிற டைப் வாங்கியாச்சு, உள்ள இருக்குற கேஸ் சிலிண்டர் டைட்டா இருக்கான்னு கெளம்பறதுக்கு முன்னாடி திருகிப் பாத்துக்கணும். பிள்ளைங்களுக்கு ஃபோம்தான், தொடை நடுவுல போற பட்டியோட. பட்டி இல்லேன்னா தண்ணில ஜாக்கெட் மேல போகும், பிள்ள கீழ போகும்.

ரேடியோ எதுக்கு, போன் போதுமேன்னு சிலர் சொன்னீங்க, எனக்கு ஒத்துக்க முடியல. நம்ம கடல்ல எவ்ளோ கப்பல் போகுது, விஎச்எஃப் ரேடியோல சேனல் 16ல (கடல்ல ஆபத்துன்னா கூப்பிடுற பொது சேனல்) கூப்ட்டா பக்கத்துல இருக்குறவங்க எல்லாருக்கும் கேக்கும், போன்ல ஒருத்தருக்குத்தான், அதுவும் நனையாம இருந்தா.

பெட்ரோல் எஞ்சின், அதனால டிரை பவுடர் தீயணைப்பான், ஸ்டியரிங் கிட்ட மாட்டியாச்சு (எஞ்சின் பக்கத்துல வெச்சா தீப்பிடிச்சப்ப எப்டி எடுக்கறது?). உதவி கேட்டு சிக்னல் காட்ட பகலுக்கு ஆரஞ்சு புகை, ராத்திரிக்கு சிவப்பு ஃபிளேர், ரெண்டுலயும் எக்ஸ்பயரி தேதி பாருங்க.

சாட்டிலைட் பீக்கன் (ஆபத்துல சாட்டிலைட் வழியா நாம இருக்குற இடத்த சொல்ற கருவி) பத்தி கேட்டவருக்கு: இப்போதைக்கு வாங்கல, தூரமா மலேசியாவுல இருக்குற தியோமான் தீவுக்குப் போறேன்னு மாமா ஆரம்பிச்சா அன்னிக்குப் பாக்கலாம்.