மேஜை நிறையக் கார்டு, விளையாட்டைக் காணோம்

பீளமேடு_டிஎம்:

வணக்கம். கோவையில் ஐந்து பேருக்கு டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் நடத்துகிறேன்: ஆளுக்கொரு பாத்திரமாகப் பகடை உருட்டி ஆடுகிற கதை விளையாட்டு, கதை சொல்லி நடத்துகிற டிஎம் நான். ஐந்தாம் பதிப்பு, 2014 விதிகள். ஞாயிறு மதியச் சாப்பாடு முடிந்து தட்டுகளை எடுத்ததும் அதே மேஜையில் தொடங்கிவிடுவோம். எல்லாரும் இப்போது ஐந்தாம் லெவல்.

முதலில் எங்களிடம் இருந்தது ஒரே ஒரு புத்தகம். மந்திரவாதியும் கிளெரிக்கும் (மந்திரம் போடுகிற பூசாரி) அதற்கு அடித்துக்கொள்வார்கள். ஒரு மந்திரம் எவ்வளவு தூரம் போகும் என்று பக்கம் புரட்டுவதற்குள் மற்ற மூவரும் போனுக்குள் போய்விடுவார்கள். அதனால் மந்திரங்களைக் கார்டில் எழுதிக் கொடுத்தேன். பிரமாதமாக வேலை செய்தது. அங்கேயே நிறுத்தியிருக்கலாம், எனக்குத்தான் கை சும்மா இருக்காதே. மாயப் பொருளுக்குக் கார்டு, மருந்துக் குப்பிக்குக் கார்டு, விஷம் ஏறியது, கீழே விழுந்தது என்று பதினைந்து கண்டிஷனுக்கும் கார்டு. ஊர்த் தலைவருக்குக் கார்டு, சத்திரத்துக்காரிக்குக் கார்டு. புதிதாகச் சேர்ந்த இரண்டு பேருக்காக அடியைத் தவிர்க்கும் டாட்ஜ், ஓடும் டேஷ், உதவும் ஹெல்ப் என்று ஆக்‌ஷன் கார்டு. போன வாரம் எண்ணிப் பார்த்தேன், 143.

போன வாரம்தான் வினையும் வந்தது. ஒரு பெரிய கூடத்தில் சண்டை. மேலே இரும்புச் சரவிளக்கு, அதன் கயிறு தூணில் கட்டியிருக்கிறது. அதை நான் வர்ணித்ததே யாராவது அறுக்கட்டும் என்றுதான். எங்கள் ரோக், அதாவது கள்ளன் பாத்திரம் ஆடுபவள், தன் கார்டுகளை இடமிருந்து வலம், வலமிருந்து இடம் பார்த்துவிட்டு, "கயிறு அறுக்கிற கார்டு என்கிட்ட இல்லையே" என்கிறாள்.

அடுத்த சுற்றில் மந்திரவாதி ஃபயர்பால் போட்டுவிட்டுக் கார்டைக் கவிழ்த்து வைத்தான். பிறகு சண்டை முடியும் வரை குட்டி மந்திரங்களாகவே போட்டுக்கொண்டிருந்தான். கேட்டால், "அந்தக் கார்டுதான் போயிடுச்சே" என்றான். அவனுக்கு இன்னொரு மூன்றாம் லெவல் ஸ்லாட், அதாவது அதே மந்திரத்தை இன்னொரு தடவை போடுகிற வாய்ப்பு, மிச்சம் இருந்தது!

இதற்கு நடுவில் மின்விசிறி. ஏப்ரல் மாதம் அதை அணைக்கவும் முடியாது, ஓட விட்டால் ஊர்த் தலைவர் பறந்து ஃபிரிட்ஜுக்கு அடியில் போகிறார்.

எதை வைத்துக்கொள்வது, எதைத் தூக்கிப் போடுவது? அனுபவம் இருப்பவர்கள் சொல்லுங்கள்.

கிழட்டுப்பகடை:

143 கார்டா? நீங்கள் நடத்துவது டி அண்ட் டி இல்லை அம்மா, ரேஷன் கடை.

நான் பார்ப்பது ஒன்றே ஒன்றுதான்: அந்தப் பொருள் ஆட்டக்காரர் கையை விட்டுப் போகுமா? குடித்தால் தீரும், கொடுத்தால் கைமாறும், திருடினால் காணாமல் போகும் என்றால் கார்டு போடுங்கள். எப்போதும் கூடவே இருக்கிற திறமை என்றால் அதற்குப் பாத்திரத் தாள் இருக்கிறது. டாட்ஜ் யார் கையை விட்டும் போகாது. ஆக்‌ஷன் கார்டுகளை இன்றைக்கே பரணில் போடுங்கள். புதியவர்களுக்கு முதல் இரண்டு வாரம் அது சைக்கிளின் துணைச் சக்கரம் மாதிரி. அப்புறமும் மாட்டியிருந்தால் வளைவில் திரும்ப விடாது.

ஃபயர்பால் விஷயத்தில் பையனைச் சொல்லிக் குற்றமில்லை. உலகத்தில் பாதிக் கார்டு ஆட்டங்களில் போட்ட கார்டு போனதுதான். இங்கே மந்திரம் போகாது, ஸ்லாட்தான் போகும். அப்படியென்றால் கையில் எண்ணிக் கொடுக்க வேண்டியது ஸ்லாட்டை. ஐந்தாம் லெவல் மந்திரவாதிக்கு மந்திர லெவல் வாரியாக 4, 3, 2, ஆக மொத்தம் ஒன்பது. நான் புளியங்கொட்டை கொடுப்பேன்: முதல் லெவலுக்கு அப்படியே, இரண்டாம் லெவலுக்கு ஒரு பக்கம் உரசியது, மூன்றாம் லெவலுக்குச் சோழி. மந்திரம் போடும்போது கொட்டையை என் பக்கம் தள்ள வேண்டும். நீண்ட ஓய்வு எடுத்தால் திருப்பித் தருவேன். அதற்குப் பிறகு எங்கள் மேஜையில் "எத்தனை மிச்சம்?" என்ற கேள்வியே வந்ததில்லை.

மந்திரக் கார்டை வைத்துக்கொள்ளுங்கள், முக்கியமாகக் கிளெரிக்குக்கு. அவருக்கு முழுப் பட்டியலும் தெரியும், ஆனால் தினமும் சிலவற்றைத்தான் தயார் செய்ய முடியும். கதையில் பொழுது விடிந்ததும் கார்டுக் கட்டுக்குள்ளிருந்து அன்றைக்கு வேண்டியதைப் பொறுக்கி எடுத்துவிட்டு மிச்சத்தைப் பெட்டியில் போடச் சொல்லுங்கள். இன்னொன்று, கான்சன்ட்ரேஷன் (விடாத கவனம்) தேவைப்படுகிற மந்திரம் ஒரு நேரத்தில் ஒன்றுதான் ஓட முடியும். பாத்திரத் தாளின் தலைமாட்டில் அதற்கு ஒரு இடம் ஒதுக்குங்கள். புதிய கார்டு அங்கே வந்தால் பழையது எழுந்து போக வேண்டும். விதியை வாயால் சொல்லவே வேண்டாம்.

மாயப் பொருள் கார்டைப் பற்றி ஒரு கதை. டெக் ஆஃப் மெனி திங்ஸ் என்று ஒரு பொல்லாத சீட்டுக்கட்டு இந்த விளையாட்டில் 1975 முதல் இருக்கிறது. அதிலிருந்து சீட்டு எடுப்பவனுக்கு ராஜ்யமும் கிடைக்கலாம், உயிரும் போகலாம். சாதாரணச் சீட்டுக்கட்டை வைத்தே ஆடலாம், எந்தச் சீட்டுக்கு என்ன பலன் என்று டிஎம் புத்தகத்திலேயே அட்டவணை உண்டு. எங்கள் வீரன் கிளாவர் ஆசை எடுத்தான். அதற்கு டேலன்ஸ் என்று பெயர்: கையிலும் உடம்பிலும் இருக்கிற மாயப் பொருள் அத்தனையும் பொடியாகிவிடும். அவன் முன்னால் ஏழு கார்டு. ஒவ்வொன்றாக நான் எடுத்தேன். கடைசியாக வாள். ஒன்றரை வருடம் வைத்திருந்த கார்டு, பின்பக்கம் அந்த வாளால் வீழ்த்தியவர்கள் பெயரையெல்லாம் பென்சிலில் பொடி எழுத்தில் எழுதியிருந்தான். எனக்கே கை வரவில்லை. தாளில் ஒரு வரியை அடித்திருந்தால் அந்த மேஜை அப்படி அமைதியாகி இருக்காது.

மருந்துக் குப்பிக்கும் அப்படித்தான். குடித்தால் கார்டைக் கிழிக்கச் சொல்லுங்கள். ஹீலிங் போஷன் என்றால் 2டி4+2 (நான்கு பக்கப் பகடை இரண்டு, கூட 2) உருட்டு, கிழி. கிழிக்கத் தயங்குவார்கள், அந்தத் தயக்கம்தான் நமக்கு வேண்டும்.

ஜோக்கர்54:

அக்கா, யார் முதலில் அடிப்பது என்பதற்குச் சீட்டுக்கட்டு போட்டுப் பாருங்கள். நாங்கள் ஆடுவது சாவேஜ் வேர்ல்ட்ஸ் என்ற இன்னொரு கதை விளையாட்டு. அதில் இனிஷியேட்டிவுக்குப் பகடையே கிடையாது. ஒவ்வொரு சுற்றிலும் ஆளுக்கு ஒரு சீட்டு, ஆசில் ஆரம்பித்து இரண்டு வரை இறங்கும். ஒரே எண் இரண்டு பேருக்கு வந்தால் ஸ்பேடு, ஆட்டின், டைமன், கிளாவர் என்ற வரிசை. ஜோக்கர் வந்தவன் நினைத்த நேரத்தில் புகலாம், அந்தச் சுற்று முழுக்கச் சோதனைக்கும் அடிக்கும் +2. ஜோக்கர் வந்த சுற்று முடிந்ததும் கட்டைக் கலைக்க வேண்டும்.

எங்கள் வீட்டில் சீட்டுக்கட்டைக் கண்டாலே தாத்தா "காசு வெச்சா?" என்பார். இப்போது கலைத்துப் போடுவதே அவர்தான். எங்களுக்குக் கலைக்கத் தெரியவில்லையாம்.

பீளமேடு_டிஎம்:

@கிழட்டுப்பகடை, ரேஷன் கடை என்றதை என் தம்பியிடம் காட்டினேன், இனி ஆயுசுக்கும் சொல்வான். நன்றி.

@ஜோக்கர்54, ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் எங்கள் ரோக்குக்கு டெக்ஸ் (சுறுசுறுப்பு) +4. சுறுசுறுப்பான ஆள் முந்த வேண்டும் என்றுதானே அந்தப் புள்ளியை வாங்கினாள்? சீட்டு போட்டால் அது வீணாகிவிடுமே.

ஜோக்கர்54:

+3க்கு மேல் இருப்பவர்களுக்கு இரண்டு சீட்டு கொடுத்து நல்லதை வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். எங்கள் விதியிலேயே லெவல் ஹெடட் என்று ஒரு திறன் அப்படித்தான் வேலை செய்யும். கணக்குச் சரியாக ஒத்துவருமா என்றால் வராது. ஆனால் ஒவ்வொரு சுற்றும் எல்லாரும் மேஜையைப் பார்ப்பார்கள், போனை இல்லை.

மடிப்புக்கோடு:

சிவகாசியில் அச்சகத்தில் வேலை. விளையாட்டு தெரியாது, அண்ணன் மகன் லிங்க் அனுப்பினான். காகிதம் பற்றி மட்டும் சொல்கிறேன்.

மின்விசிறிக்குப் பறக்கிறது என்றால் நீங்கள் எழுதியது மெல்லிய தாளில். 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) அட்டை எடுங்கள். பென்சிலில் எழுதி அழிக்க வேண்டுமென்றால் பளபளப்பான ஆர்ட் கார்டு ஆகாது, ஐவரி போர்டு கேளுங்கள். லேமினேஷன் செய்யாதீர்கள். டியூப்லைட் வெளிச்சம் அடிக்கும், அடுக்கினால் வழுக்கும். 63க்கு 88 மில்லிமீட்டர் அளவு வைத்தால் ஒரு ஏ4 தாளில் ஒன்பது உட்காரும், கடைகளில் கிடைக்கிற பிளாஸ்டிக் உறைக்கும் பொருந்தும். உறைக்குள் முன்னால் சாதாரணத் தாள், பின்னால் பழைய சீட்டு ஒன்று வைத்தாலும் கனம் வந்துவிடும். ஆனால் சில சீட்டுக்கட்டுகள் 57 மில்லிமீட்டர் அகலம்தான், உள்ளே ஆடும்.

மடித்து நிறுத்துகிற கார்டு என்றால் முதலில் க்ரீசிங், அதாவது மடிக்கிற இடத்தில் அழுத்திக் கோடு, போடுங்கள். எழுதாத பால்பாயின்ட் பேனாவும் ஸ்கேலும் போதும். இல்லாவிட்டால் மடிப்பில் வெடிக்கும்.

காசு கொடுத்து வாங்கவே வேண்டாம் என்றால் வீட்டில் பழைய கல்யாணப் பத்திரிகை இருக்குமே, நல்ல போர்டு, முதுகுப் பக்கம் வெறுமையாக இருக்கும்.

நடுமேஜை:

மற்றதையெல்லாம் எடுத்தாலும் எக்ஸ் கார்டு ஒன்றை நடுவில் வையுங்கள். ஜான் ஸ்டாவ்ரோபௌலோஸ் உருவாக்கியது. வெறும் கார்டில் ஒரு எக்ஸ். கதையில் ஏதாவது தாங்க முடியவில்லை என்றால் யார் வேண்டுமானாலும் தொடலாம், காரணம் கேட்கக் கூடாது, அந்தக் காட்சியைத் தாண்டிப் போய்விட வேண்டும். புதியவர்கள் இரண்டு பேர் என்கிறீர்கள், அதனால் சொன்னேன்.

பீளமேடு_டிஎம்:

நேற்று ஆடினோம். 143 இப்போது 61.

ஆக்‌ஷன் கார்டு போனது. ஊர்த் தலைவரும் சத்திரத்துக்காரியும் மடித்த கார்டாக, என் குறிப்புகளை மறைக்கிற தடுப்பு மேல் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள். ஆட்டக்காரர்கள் பக்கம் பெயர், என் பக்கம் அவர்கள் மறைக்கிற விஷயம். கண்டிஷனில் விஷமும் விழுந்ததும் மட்டும் வைத்தேன், அடிக்கடி வருவது அவைதான். எக்ஸ் கார்டு நடுவில் இருக்கிறது, யாரும் தொடவில்லை. பரவாயில்லை, இருக்கட்டும்.

சீட்டு போட்டு இனிஷியேட்டிவ் ஒரு சண்டைக்கு மட்டும். ரோக்குக்கு இரண்டு சீட்டு கொடுத்தேன், இரண்டும் மூன்று. தலையில் கை வைத்துக்கொண்டாள். அடுத்த சுற்றில் ஜோக்கர். எழுந்து நின்றே ஆடினாள்.

புளியங்கொட்டைக்குத்தான் ஏக வரவேற்பு. மந்திரவாதி சோழி இரண்டையும் கடைசி வரை விடவே இல்லை. அவன் கஞ்சன் என்று இத்தனை நாள் எங்களுக்குத் தெரியாமல் போச்சு.

சிக்கல் வந்தது போஷனில். அந்தக் கார்டுகளை மட்டும் கல்யாணப் பத்திரிகைகளை வெட்டிச் செய்திருந்தேன். ஓரத்தில் மஞ்சள் தடவியது அப்படியே இருக்கிறது. கிளெரிக் ஒன்றைக் குடித்துவிட்டுக் கிழிக்கப் போனபோது அம்மா அடுக்களையிலிருந்து பார்த்துவிட்டார். வெட்டினதே தப்பு, இதில் கிழிக்க வேறு செய்வீர்களா என்று ஒரு சத்தம். பித்தளைச் சொம்பு ஒன்றைக் கொண்டுவந்து மேஜையில் வைத்துவிட்டுப் போனார். இப்போது போஷன் குடித்தால் கார்டு சொம்புக்குள் போகிறது.

@மடிப்புக்கோடு, 300 ஜிஎஸ்எம் பறக்கவில்லை. மின்விசிறி நான்கில் ஓடியது.