அவசர நேரத்தில் லாகின் ஆக முடியாமல் தவித்தவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

முதலில் என்னுடையதைச் சொல்லிவிடுகிறேன். அப்பா இப்போது நலம்.

நடுராத்திரி அப்பாவுக்கு நெஞ்சுவலி. ஆம்புலன்ஸ் வந்தது, ஆஸ்பத்திரியில் உடனே உள்ளே கொண்டுபோனார்கள், சிகிச்சையும் தாமதமில்லாமல் தொடங்கியது. சிக்கல் எல்லாம் சேர்க்கைக் கவுண்டரில்தான். காப்பீட்டு பாலிசி எண்ணும் கார்டும் கேட்டார்கள். கார்டு அந்த நிறுவனத்தின் வலைத்தளத்தில் இருக்கிறது. உள்ளே போக அப்பாவின் பயனர் பெயர் வேண்டும், கடவுச்சொல் வேண்டும், கோணல்மாணலான எழுத்துகளைப் பார்த்து கேப்சா அடிக்க வேண்டும், கடைசியாக ஓடிபி. கடவுச்சொல்லை அம்மா நோட்டில் எழுதி வைத்திருந்தார். ஓடிபி அப்பாவின் போனுக்குத்தான் வரும்.

தம்பி வீட்டுக்கு ஓடிப்போய் போனை எடுத்து வந்தான். சார்ஜ் தீர்ந்து அணைந்திருந்தது. கடனுக்கு ஒரு சார்ஜர் வாங்கி உயிர்ப்பித்தோம். அணைந்து மறுபடி எழும் போன் முதல் தடவை விரல் ரேகையை ஏற்காது, பின் எண்ணைத்தான் கேட்கும். அது அப்பாவுக்கு மட்டுமே தெரியும்; அப்பா ஐசியூவில் இருந்தார். பூட்டிய திரையில் 'புதிய செய்தி' என்று மட்டும் தெரிந்தது, எண்ணைக் காட்டவில்லை. ஓடிபியின் கெடு முடிந்ததும் வலைத்தளம் எங்களை வெளியே தள்ளி, பயனர் பெயரிலிருந்து மறுபடி ஆரம்பிக்கச் சொன்னது. கேப்சாவும் புதிதாக வந்தது.

கடைசியில் கைகொடுத்தது அலமாரியில் இருந்த பழைய புதுப்பிப்புக் கடிதம். பாலிசி எண் அதில் இருந்தது. அதைப் பார்த்துக் கவுண்டரில் இருந்தவர் சில நிமிடங்களில் வேலையை முடித்துவிட்டார்.

அந்த வலைத்தளத்தின் மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை. பணம் எடுக்கிற இடத்துக்கு எத்தனை பூட்டு போட்டாலும் சரி, ஏற்றுக்கொள்கிறேன். அவசர உதவித் தொலைபேசி எண்ணைக்கூட லாகினுக்குப் பின்னால் ஏன் ஒளித்து வைக்க வேண்டும்? அந்த எண்ணைத் தேடி வருகிறவர் எந்த நிலைமையில் வருவார் என்று ஒரு நிமிடமாவது யோசித்திருக்க வேண்டாமா?

அவசரகாலப் பை என்றால் தண்ணீர், டார்ச், மருந்து, பவர் பேங்க் என்று எல்லோரும் சொல்கிறார்கள். நம்முடைய கணக்குகளுக்குள் போகிற வழியும் அந்தப் பையில் இருக்க வேண்டும் என்று அன்றைக்குத்தான் உறைத்தது. நீங்கள் என்ன செய்து வைத்திருக்கிறீர்கள்?

* * *

எங்களுக்கு வெள்ளம். கழுத்தளவு தண்ணீரில் நடந்து வெளியேறினோம். போன் நனைந்து செத்துப்போனது. முகாமில் ஒருவர் தன் போனைக் கொடுத்து உதவினார். என் மின்னஞ்சலுக்குள் போகப் பார்த்தேன். கடவுச்சொல் சரி. "இது புதிய கருவி, உங்கள் போனுக்குக் குறியீடு அனுப்பியிருக்கிறோம்" என்றது. அந்த எண்ணுக்கு மாற்று சிம் வாங்கப் போனால் அடையாள அட்டை கேட்டார்கள். அட்டை தண்ணீரோடு போய்விட்டது. அதன் நகல் மின்னஞ்சலில் இருக்கிறது. மின்னஞ்சலைத் திறக்க சிம் வேண்டும், சிம் வாங்க மின்னஞ்சல் வேண்டும். எந்தப் பக்கம் போனாலும் முட்டியது. வேறு ஊரில் இருந்த அண்ணனிடம் பழைய நகல் ஒன்று இருந்ததால் தப்பித்தேன்.

அதற்கப்புறம் உட்கார்ந்து ஒவ்வொரு கணக்காகப் பார்த்தேன். பேக்கப் கோடு என்ற வசதி பெரும்பாலான முக்கியக் கணக்குகளில் இருக்கிறது. பலர் அதைத் திறந்துகூடப் பார்ப்பதில்லை. கூகுள் கணக்கில் 10 எண்கள் தருவார்கள், ஒவ்வொன்றும் 8 இலக்கம், ஒவ்வொன்றும் ஒரே ஒரு தடவை செல்லும். போனே இல்லாவிட்டாலும் ஓடிபிக்குப் பதிலாக அதைக் கொடுத்து உள்ளே போகலாம். போனில் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்தால் போனோடு அதுவும் போய்விடும். தாளில் இருக்க வேண்டும்.

இன்னொன்று ஆத்தென்டிகேட்டர் ஆப், அதாவது லாகினுக்கான ஓடிபி எண்ணைப் போனிலேயே உருவாக்கித் தரும் செயலி. அதற்கு இணையம் வேண்டும் என்று நானும் வெகுநாள் நம்பியிருந்தேன், வேண்டாம். 2011-ல் வெளியான ஆர்எஃப்சி 6238 என்ற பொது நெறிமுறைப்படி அது வேலை செய்கிறது. ஆப்பை இணைக்கும்போது ஒரு ரகசியச் சாவி உங்கள் போனிலும் அவர்கள் சர்வரிலும் பதிவாகிறது. அப்புறம் இரண்டு பக்கமும் அந்தச் சாவியையும் அப்போதைய நேரத்தையும் வைத்துத் தனித்தனியே கணக்குப் போட்டு ஒரே எண்ணுக்கு வந்து சேர்கின்றன. பெரும்பாலும் 30 நொடிக்கு ஒரு புது எண். டவர் விழுந்து கிடந்தாலும் போனில் எண் தோன்றும். கடிகாரம் மட்டும் சரியாக இருக்க வேண்டும். க்யூஆர் குறியீட்டோடு அந்தச் சாவியை எழுத்துகளாகவும் பெரும்பாலான தளங்கள் காட்டும். அப்போதே அதைத் தாளில் எழுதிவிட்டால், எந்த மாற்றுப் போனிலும் அதே எண்களை வரவழைக்கலாம். எஸ்எம்எஸ் ஓடிபியில் இது நடக்காது. அது சிம்மையும் சிக்னலையும் நம்பி நிற்கிறது.

* * *

எனக்குக் கண்பார்வை குறைவு, கையும் நடுங்கும். புயல் எச்சரிக்கை வந்த அன்று மருந்துச் சீட்டை முன்கூட்டியே புதுப்பிக்கலாம் என்று மருத்துவமனையின் தளத்துக்குப் போனேன். போக்குவரத்து விளக்கு இருக்கும் கட்டங்களைத் தேர்ந்தெடு என்றது. மங்கலான சின்னப் படங்கள். ஒலி வழி கேப்சாவில் இரைச்சலுக்கு நடுவே யாரோ முணுமுணுத்தார்கள். கடவுச்சொல் கட்டத்தில் நகலெடுத்து ஒட்ட அனுமதியில்லை, ஒவ்வொரு எழுத்தாக அடிக்க வேண்டும். அடித்து முடிப்பதற்குள் நேரம் முடிந்துவிட்டது என்று வெளியேற்றியது. எனக்கு அது எரிச்சலோடு முடியும் விஷயமில்லை, அன்றைய மருந்தே அதை நம்பித்தான் இருந்தது.

இதையெல்லாம் பாதுகாப்புக்காக என்று சொல்லிவிடுகிறார்கள். பாதுகாப்பு விதிகளை எழுதியவர்களே இதில் பாதியைக் கைவிட்டுவிட்டார்கள். பெரிய எழுத்து, எண், குறியீடு கலக்க வேண்டும், அடிக்கடி மாற்ற வேண்டும் என்ற வழக்கத்தைப் பரவலாக்கியது அமெரிக்காவின் தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட் 2003-ல் தயாரித்த ஆவணம். அதை எழுதிய பில் பர், தான் சொன்னவற்றில் பலவற்றுக்காக இப்போது வருந்துவதாக 2017-ல் ஒரு பத்திரிகையிடம் வெளிப்படையாகச் சொன்னார். அதே ஆண்டு நிஸ்ட் தன் வழிகாட்டுதலைத் திருத்தியது: காரணமில்லாமல் கடவுச்சொல்லை மாற்றச் சொல்லாதீர்கள், ஒட்டுவதற்கு இடம் கொடுங்கள், நீளம்தான் முக்கியம். மாற்றுத்திறனாளிகளும் வலைத்தளங்களைப் பயன்படுத்த வழிசெய்யும் டபிள்யூசிஏஜி 2.2 அணுகல் நெறிகள் 2023 அக்டோபரில் வந்தன; அவையும், லாகின் செய்ய நினைவாற்றலையோ புதிர் தீர்ப்பதையோ ஒரே வழியாக வைக்காதீர்கள் என்கின்றன. நேரம் முடியப்போகிறது என்றால் முன்கூட்டியே எச்சரித்து, நீட்டித்துக்கொள்ளக் குறைந்தது 20 நொடியாவது தர வேண்டும் என்பது அதற்கு முன்பிருந்தே உள்ள விதி. தளம் நடத்துகிறவர்களுக்கு நான் புகார் எழுதும்போது இவற்றைக் குறிப்பிட்டுத்தான் எழுதுகிறேன். நீங்களும் எழுதுங்கள். சும்மா கஷ்டமாக இருக்கிறது என்றால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

* * *

ஆம்புலன்ஸில் வேலை செய்கிறேன். ஒன்றே ஒன்று சொல்கிறேன். மயங்கிக் கிடப்பவரின் போனில் முதலில் நாங்கள் தேடுவது, பூட்டைத் திறக்காமலே பார்க்கக்கூடிய அவசரத் தகவலை. ஐபோனில் ஹெல்த் ஆப்பில் மெடிக்கல் ஐடி, ஆண்ட்ராய்டில் பாதுகாப்பு, அவசரநிலை அமைப்புகள். ரத்த வகை, ஒவ்வாமை, சாப்பிடும் மாத்திரை, கூப்பிட வேண்டிய ஆள். ஐபோனில் 'பூட்டிய நிலையிலும் காட்டு' என்பதை ஆன் செய்திருக்க வேண்டும்; நிரப்பிவிட்டு அதை மறந்துவிடுகிறவர்கள் அதிகம். கடவுச்சொல் எதுவும் கேட்காத ஒரே கதவு இதுதான். இன்றைக்கே நிரப்புங்கள்.

* * *

முதலில் எழுதியவன் மறுபடி வருகிறேன். மேலே சொன்னதையெல்லாம் வீட்டில் செய்துகொண்டிருக்கிறோம். தேடியதில் தெரிந்துகொண்டதையும் சேர்த்துவிடுகிறேன்.

ஆப்பிளில் லெகசி கான்டாக்ட் என்று, நம் கணக்கைத் திறக்க ஒருவரை முன்பே நியமித்து வைக்கும் வசதி இருக்கிறது; அது கணக்கின் சொந்தக்காரர் இறந்த பிறகுதான் உதவும், இறப்புச் சான்றிதழ் கேட்பார்கள். உயிரோடு ஐசியூவில் இருப்பவருக்கு அது பொருந்தாது. கடவுச்சொற்களையெல்லாம் ஒரே இடத்தில் பூட்டி வைக்கும் பிட்வார்டன் போன்ற சில கடவுச்சொல் மேலாளர் செயலிகளில் அவசர அணுகல் என்று ஒன்று இருக்கிறது. நீங்கள் நியமித்த ஆள் கேட்டு, நீங்கள் முன்பே வைத்த காத்திருப்புக் காலத்துக்குள் மறுக்காவிட்டால், உள்ளே போகலாம். நல்ல ஏற்பாடு. ஆனால் காத்திருப்பு நாள் கணக்கில் ஓடும், அன்று ராத்திரிக்கு ஆகாது. அதற்குத் தாள்தான்.

அதனால் இரண்டு தாள். ஒன்றில் பாலிசி எண், உதவி எண்கள், மருந்துப் பட்டியல், மருத்துவர் பெயர். இதில் ரகசியம் எதுவும் இல்லை; வாசலுக்குப் பக்கத்துப் பையில் எல்லோர் கைக்கும் எட்டுகிற இடத்தில் இருக்கிறது. இரண்டாவதில் போனின் பின் எண், மின்னஞ்சலின் பேக்கப் கோடுகள், கடவுச்சொல் மேலாளரின் முதன்மைக் கடவுச்சொல். இது ஒட்டிய உறையில், தண்ணீர் புகாத ஜிப் பையில், பூட்டிய இடத்தில். ஒரு நகல் தங்கை வீட்டில். பேக்கப் கோடுகளைப் புதிதாக எடுத்தால் பழையவை செல்லாது, அப்போது இரண்டு உறைகளையும் மாற்ற வேண்டும். உறையின் மேல் எந்தத் தேதியில் எழுதியது என்று போட்டுவிடுங்கள், எது புதியது என்ற குழப்பம் வராது.