மறு: மின்சுற்றுப் பலகை அரிக்கும் கரைசல்: ‘மறுசுழற்சி’யா, ‘மீட்பு’ என்பதா?

குழுவினருக்கு வணக்கம். மின்சுற்றுப் பலகையில் வேண்டாத செம்பை அரித்து அரித்து ஓய்ந்துபோன கரைசலை மறுபடி அரிக்கும் நிலைக்குக் கொண்டுவருவதற்கு என்ன தமிழ்ச் சொல் என்பதுதான் பேச்சு.

> ஓய்ந்த கரைசலைத் திரும்பப் பயன்படுத்துகிறோம். ‘மறுசுழற்சி’ போதுமே.

போதாது ஐயா. வீட்டிலேயே பலகை செய்கிறவர்கள் பலர் குப்ரிக் குளோரைடும் (செம்பின் ஓர் உப்பு) ஹைட்ரோகுளோரிக் அமிலமும் கலந்த கரைசலை வைத்திருக்கிறார்கள். பலகையின் செம்பை அரிக்க அரிக்க, குப்ரிக் குளோரைடு குப்ரஸ் குளோரைடாகிறது. கரைசலில் உள்ள செம்பின் ஆக்சிஜனேற்ற எண் 2இலிருந்து 1க்கு இறங்குகிறது. பளிச்சென்றிருந்த பச்சை கறுத்துப் பழுப்பேறும். மீன்தொட்டிக்குக் காற்று ஊதும் சிறு பம்பின் குழாயை உள்ளே விட்டால், காற்றிலுள்ள ஆக்சிஜன் அந்த எண்ணை மறுபடி 2க்கு ஏற்றிவிடும், பச்சையும் தெளியும். இதில் அமிலம் செலவாவதால் அவ்வப்போது அதைச் சேர்க்க வேண்டும். பலகையிலிருந்து கரைந்த செம்பு எங்கும் போவதில்லை, அதுவும் குப்ரிக் குளோரைடாகவே சேர்ந்துகொள்கிறது. ஒவ்வொரு பலகைக்கும் சரக்கு கூடிக்கொண்டே போகிற கரைசலில் ‘சுழற்சி’ எங்கே?

> அப்படியானால் ‘மீட்பு’. எல்லோருக்கும் புரியும்.

புரியும், தவறாக. செம்பை மீட்பது வேறு வேலை. ஓய்ந்த கரைசலில் இரும்பு ஆணியைப் போட்டால் இரும்பு கரையும், செம்பு செந்நிறத் தூளாகப் படியும். கரைசலே வேண்டாம் என்று முடிவெடுத்த பிறகு செய்வது அது. செய்முறைக் குறிப்பில் ‘மீட்பு’ என்று படித்துவிட்டு ஒருவர் ஆணியைப் போட்டால், அந்தக் கரைசலை மறந்துவிட வேண்டியதுதான்.

என் பரிந்துரை ‘மீளேற்றம்’. ஆக்சிஜனேற்றம் பள்ளிப் பாடநூலிலேயே இருக்கிறது. இறங்கிய எண் மீண்டும் ஏறுகிறது என்ற வேதியியலும் சொல்லுக்குள்ளேயே வந்துவிடுகிறது. காற்று ஊதினாலும் ஹைட்ரஜன் பெராக்சைடு சேர்த்தாலும் பொருந்தும். (பெராக்சைடைத் தாராளமாக ஊற்றினால் குளோரின் வாயு கிளம்பும். துளித்துளியாக, திறந்தவெளியில்.) கரைசலுக்கு ‘அரிகரைசல்’ என்று பெயர் வைக்கலாம். ஊறுகாய் போல வினைத்தொகை. ‘அரிக்கரைசல்’ என்று வல்லினம் மிகுத்து எழுதிவிடாதீர்கள்.

—

> மீளேற்றம் என்றதும் எனக்கு பேட்டரிதான் நினைவுக்கு வருகிறது. குழப்பாதா?

அதற்கு ‘மின்னேற்றம்’ நிலைத்துவிட்டது, நண்பரே. அங்கே ‘மின்’னை யாரும் விடுவதில்லை. ஐயம் இருந்தால் முதல் இடத்தில் ‘அரிகரைசல் மீளேற்றம்’ என்று முழுதாக எழுதிவிட்டு, பிறகு சுருக்கிக்கொள்ளலாம்.

பலகை அரிக்கப் பயன்படும் இன்னொரு பொருளான ஃபெர்ரிக் குளோரைடுக்கும் (இரும்பின் உப்பு) இதே சொல் செல்லுமா என்று இன்னொருவர் கேட்டிருந்தார். பாதி செல்லும். அமிலமும் பெராக்சைடும் சேர்த்தால் இரும்பின் எண் 2இலிருந்து 3க்கு ஏறும், அதுவரை மீளேற்றம்தான். ஆனால் கரைந்த செம்பு உள்ளேயே தேங்கி, நாளடைவில் அது பாதி குப்ரிக் குளோரைடுக் கரைசலாகவே மாறிவிடும். அந்தக் கலவைக்குத் தனிப்பெயர் வேண்டுமா என்பதைத் தனி இழையில் பேசுவோம்.