சிட்டி ஹால் நடைமேடை: வளைவா, கூட்டமா?

சுரங்கவாசி: நியூயார்க் சிட்டி ஹால் சுரங்க ரயில் நிலையத்தை ‘ஆள் வராததால் மூடினார்கள்’ என்று ஒருவர் எழுதியிருக்கிறார். படித்ததுமே எரிச்சலாகிவிட்டது. காரணம் வளைவு! 1904-இல் ஓடிய பெட்டிகளுக்கு இரு முனைகளில் மட்டுமே கதவு. பின்னால் நடுவிலும் கதவு வந்தது. பெட்டி நேராக நிற்கும், நடைமேடையோ வில்லாக வளைந்தது. முனைக்கதவு மேடையை ஒட்டி நிற்கும். நடுக்கதவைத் திறந்தால் காலடியில் பெரிய இடைவெளி. அதனால்தான் 1945 டிசம்பர் 31-ஆம் தேதி பூட்டினார்கள்.

மாடப்புறா: எழுதியது நான்தான். கடைசிக் காலத்தில் ஒரு நாளைக்குச் சுமார் 600 பேர்தான் அங்கே ஏறினார்கள். கூப்பிடு தூரத்தில் புரூக்ளின் பிரிட்ஜ் நிலையம், எக்ஸ்பிரஸும் அங்கேதான் நிற்கும். யார் சிட்டி ஹாலுக்கு வருவார்?

சுரங்கவாசி: இடைவெளி பற்றிக் கேட்டால் 600 என்கிறீர்கள். இடைவெளிக்குப் பதில் சொல்லுங்கள்.

மாடப்புறா: சொல்கிறேன். அதே நகரின் சவுத் ஃபெர்ரி நிலையத்திலும் இதே மாதிரி வளைவுதான். ரயில் நின்றதும் மேடையிலிருந்து இரும்புத் தகடு நகர்ந்து வந்து இடைவெளியை மூடும். 2009-இல் அங்கே புது நிலையம் வரும்வரை அப்படித்தான் ஓடியது. 2012 சாண்டி புயலில் புது நிலையம் மூழ்கியதும், 2013-இல் அதே பழைய வளைவைத் திறந்து 2017 வரை ஓட்டினார்கள். வளைவுதான் எமன் என்றால் இது எப்படி?

சுரங்கவாசி: அங்கே படகுத்துறைக் கூட்டம் இருந்தது, செலவு செய்தார்கள்.

மாடப்புறா: அதைத்தானே நானும் சொல்கிறேன்! கூட்டம் இருந்தால் தகடு வரும், இல்லாவிட்டால் பூட்டு வரும்.

சுரங்கவாசி: இல்லை. சிட்டி ஹால் மேடையில் ஐந்து பெட்டிதான் நிற்கும். அந்த வளைவில் நீட்டவும் முடியாது. மறுபடியும் வளைவுதான்.

மாடப்புறா: சவுத் ஃபெர்ரியிலும் முதல் ஐந்து பெட்டிக்குத்தான் கதவு திறந்தார்கள். தெரியாதா?

ஓட்டுவளைவு: இருவரும் குவாஸ்டவினோ முறையில் மெல்லிய ஓடுகளை அடுக்கி வளைத்த அந்தக் கூரையை மறந்துவிட்டீர்கள். அப்புறம், ‘மூடியது’ என்றால் என்ன அர்த்தம்? ஆறாம் எண் ரயில் இன்றும் அந்த நிலையம் வழியாகப் போகும் வளையத் தடத்தில்தான் திரும்புகிறது. முதலில் அதைத் தீர்மானியுங்கள்.

சுரங்கவாசி: கூரை பற்றித் தனி இழை தொடங்குங்கள். மாடப்புறாவுக்கு இதே வழக்கம்தான். 91-ஆம் தெரு நிலையத்தை 1959-இல் மூடியது பக்கத்து 96-ஆம் தெரு நடைமேடையை அதன் அருகே வரை நீட்டியதால் என்று அன்று நான் சொன்னபோதும் கூட்டம், கூட்டம் என்றே நின்றார்.

மாடப்புறா: பழைய கணக்கை ஏன் இழுக்கிறீர்கள்? அன்று என்னைப் ‘புத்தகம் படிக்காதவர்’ என்றீர்கள், நான் மறக்கவில்லை.

ஓட்டுவளைவு: நான் கேட்டதற்கு யாரும் பதில் சொல்லவில்லை.

சுரங்கவாசி: நடுக்கதவு. இடைவெளி. எத்தனை முறை வேண்டுமானாலும் எழுதுவேன்.

மாடப்புறா: 600 பேர். நானும் எழுதுவேன்.