கட்டாருக்குப் புதுசாப் போற நம்மட பொடியனுகளுக்கு: விழுந்தா எங்க விழுந்த எண்டு சரியாச் சொல்லுங்க

பக்கத்து வீட்டுப் பொடியன் இந்த மாசம் கட்டாருக்குப் பறக்கிறான், பொண்சாதிட காப்ப ஈடு வச்சுத்தான் ஏஜென்சிக்குக் காசு கட்டினது. நேத்து வாவிக்கரையில இருந்து அவனுக்குச் சொன்னதத்தான் இங்கயும் எழுதுறன், ஏனெண்டா களுவாஞ்சிகுடி, கல்முனை, அக்கரைப்பத்து எண்டு நம்மட பக்கத்து ஆக்கள் எத்தின பேர் வர வேண்டிய காச விட்டுட்டு வந்து குந்திக்கிட்டு இருக்காங்க, நானும் அதுல ஒருத்தன்தான்.

கட்டார்ல எனக்கு ஆறாவது வருசம், ஸ்கபோல்டிங்ல, அதுதான் கட்டிடத்துல ஏறி நிக்கிற சாரத்துல, நிண்டு விழுந்து கணுக்கால் முறிஞ்சிது. ஆஸ்பத்திரிக்குப் போற வேனுக்குள்ளயே போர்மேன் சொல்றான், "கேம்ப்ல குளிக்கக்குள்ள வழுக்கிட்டு எண்டு சொல்லு, இல்லாட்டி போலீஸ் கேஸ், உனக்குத்தான் கரைச்சல்" எண்டு. நான் இருந்த வலிக்குத் தலைய ஆட்டிட்டன். மறுகாதான் அந்தத் தலையாட்டலுக்கு எவ்வளவு விலை எண்டு விளங்கிச்சு.

கேம்ப்ல, அதாவது நாங்க தங்கிற இடத்துல விழுந்தா அது வெறும் சிக் லீவு. முதல் 2 கிழமை முழுச் சம்பளம், அடுத்த 4 கிழமை அரைவாசி, பிறகு ஒண்டுமில்ல, அதுவும் வேலைக்குச் சேந்து 3 மாசம் கழிஞ்ச ஆளுக்குத்தான். வேலையில விழுந்தா வேற கணக்கு: வைத்தியச் செலவு முழுக்கக் கம்பனிட தலையில, 6 மாசம் வரைக்கும் முழுச் சம்பளம், அதுக்கும் சுகம் வராட்டி அரைச் சம்பளம் ஓடும், ஊனமாப் போனா நட்டஈடும் கேக்கலாம், கடைசி மெடிக்கல் ரிப்போர்ட்டுல இருந்து 1 வருசத்துக்குள்ள கேக்கணும். போலீசுக்கும் லேபருக்கும் (தொழில் அமைச்சு) அறிவிக்க வேண்டியது கம்பனிட கடமை, அந்தக் கரைச்சல் அவனுக்குத்தானே, நமக்கென்ன? நான் நாலு மாசம் படுத்துக் கிடந்தன், ரெண்டரை மாசம் கடன்லதான் வீட்டுக்குக் காசு அனுப்பின.

அதால டொக்டர் கேக்கிற நேரம் நீங்களே வாயத் தொறந்து சொல்லுங்க, எழுதின துண்டப் போட்டோ எடுங்க. மெடிக்கல் துண்டு இல்லாம ரூம்ல படுத்திராதீங்க, தொடர்ந்து 7 நாளுக்கு மேல வேலைக்குப் போகாட்டி வேலை முடியக்குள்ள தாற சர்வீஸ் காசு ஒரு சதமும் தராம நிப்பாட்ட சட்டத்துல இடமிருக்கு.

சர்வீஸ் காசு எண்டது வருசத்துக்கு ஆகக்குறைஞ்சது 3 கிழமைச் சம்பளம், ஒரு வருசம் முடிச்சிருக்கணும். ஆனா அது பேசிக்லதான், அதாவது ஓவர்டைம், அலவன்ஸ் சேராத அடிப்படைச் சம்பளத்துல. கையில 1900 றியால் வந்தாலும் பேசிக் 1200 எண்டா 5 வருசத்துக்கு 4200தான் வரும், அதால ஓவர்டைமப் பாத்து மயங்காம கொன்றாக்ட்டுல பேசிக் எவ்வளவு எண்டு இங்க வச்சே பாருங்க. ஆள நிப்பாட்டினா நோட்டீசும் தரணும், 2 வருசம் வரைக்கும் 1 மாசம், அதுக்கு மேல 2 மாசம். ஊருக்கு வாற டிக்கட்டும் அவங்கதான். வேற கம்பனி கிடைச்சா மாறலாம், 2020க்குப் பிறகு பழைய முதலாளிட என்ஓசி, அதுதான் ஆட்சேபனை இல்ல எண்டு தாற கடிதம், தேவையில்ல.

அரபுல எழுதின கடதாசிய நீட்டி "செட்டில்மென்ட், சைன் பண்ணு" எண்டா வாசிக்கத் தெரிஞ்ச ஆரிட்டயாவது காட்டுங்க. கையில வராத காச வந்திட்டு எண்டு எழுதியிருப்பாங்க. தராட்டி லேபர்ல முறைப்பாடு குடுக்கலாம், அங்க சரிவராட்டி தொழிலாளர் பிணக்குக் குழுவுக்குப் போகும், வேலை முடிஞ்சு 1 வருசத்துக்குள்ள போகணும்.

பத்தாக்கா (கட்டார் அடையாள அட்டை), கொன்றாக்ட், சம்பளத் துண்டு எல்லாத்தையும் படமெடுத்து மாசா மாசம் வீட்டுக்கு வாட்ஸ்அப்ல போடுங்க, உங்கட போன் துலைஞ்சாலும் அம்மாட போன்ல கிடக்கும்.